ஆறு மா மைதானம்

1972 பிப்ரவரி 14

கால்பந்து ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். பதினாலு பேர். மில் கிடங்கில் மூட்டைகளை ஒதுக்கிப் பாய் போட்டுக் கொடுத்தாயிற்று. இனி ஜூன் வரை வேளைக்கு மூன்று படி அரிசி வடிக்க வேண்டும். அம்மா போன பிறகு மூன்று வருஷமாக நானும் வேலைக்கு வரும் பூவம்மா அக்காவும்தான் வடிக்கிறோம்.

அவர்கள் யாருடைய முகத்தையும் நான் நேராகப் பார்த்ததில்லை. இலையைப் பார்த்து ஆளைச் சொல்வேன். மிளகாயை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பவர் பெங்களூர்க்காரர். ரசத்துக்கு மூன்றாம் முறை சோறு வாங்குபவர் கோல்கீப்பர் நெய்னா முகம்மது, நாகூர். அவர்தான் அடுப்படிப் பக்கம் திரும்பி, "உள்ள ஆள் இருக்கா, இல்ல ரசம் தானாவே கொதிக்குதா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் கரண்டியைப் பிடித்தபடி நிற்பேன்.

பிப்ரவரி 16

அத்தை வந்து திட்டிவிட்டுப் போனாள். பதினாறு வயசுப் பெண் இருக்கிற வீட்டில் ஊர் ஆம்பிளைகளுக்குப் பந்தியா என்று. அப்பா காதில் வாங்கவில்லை. நஞ்சை, அரிசி மில், இரண்டு லாரி எல்லாம் இருந்தாலும் ஊரில் அவரை "பிரசிடெண்டு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீரசோழன் கால்பந்துக் கழகத்தின் தலைவர். மாதச் சம்பளம் கொடுத்து வெளியூர் ஆட்களை ஆட வைக்கிற கிளப் இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். புது ஆள் வந்தால் அப்பா மாடு வாங்குவது போலக் குனிந்து கணுக்காலைத்தான் பார்ப்பார். "பல்லையும் பாருங்க ஐயா" என்று எங்கள் குத்தகைக்காரர் பக்கிரி அண்ணன் கிண்டல் செய்வார். அப்பாவிடம் அப்படிப் பேச அவர் ஒருவரால்தான் முடியும்.

பிப்ரவரி 20, ஞாயிறு

மைதானம் தயார். மைதானம் என்றால் வருஷம் பூராவும் மைதானம் இல்லை. ஆறு மா வயல், இரண்டு ஏக்கர். பக்கிரி அண்ணன் பதினோரு வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறார். தையில் அறுவடை ஆனதும் மற்ற வயல்களில் எல்லாரும் உளுந்து தெளிப்பார்கள். அவர் மட்டும் தெளிப்பதில்லை. தாளைத் தரையோடு அறுத்து, கட்டி தட்டி, ஈரம் சரியாக இருக்கிற ஒரு நாளில் கல் உருளையை ஓட்டுவார். எந்த நாள் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு பிடி மண்ணை உருட்டி, காதருகே வைத்து உடைத்துப் பார்ப்பார். "ரேடியோ கேக்குறாரு" என்பாள் பூவம்மா அக்கா, தன் புருஷனைப் பற்றி. அப்புறம் கோல் கம்பங்கள் நடுவார்கள். ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கம்பங்களைப் பிடுங்கிக் கிடங்கில் போட்டுவிட்டு ஏர் பூட்டுவார். ஆறு வருஷமாக இப்படித்தான்.

மார்ச் 5

ஜெயித்துவிட்டார்கள்! திருச்சிக் கிளப்பை, இரண்டுக்கு ஒன்று. மில் மாடி ஜன்னலில் இருந்து பாதி ஆட்டம் பார்த்தேன். அப்பா குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினார். கடைசியில் பக்கிரி அண்ணனைக் கட்டிக்கொண்டார். "உன் மண்ணுடா இது, உன் மண்ணு ஜெயிச்சுது!" என்று கத்தினார். இங்கே வரை கேட்டது.

ஏப்ரல் 2

பூவம்மா அக்கா என்னை எழுத்துக் கற்றுத்தரச் சொன்னாள். கையெழுத்து மட்டும் போதுமாம். அவளிடம் நான் நன்றாகப் பேசுகிறேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து வாசி என்றால் தொண்டை அடைத்துவிடும். புத்தகத்தில் எழுத்து தெரியும், வாய் திறக்காது. பெஞ்சின் மேல் நிற்க வைத்தார். ஒன்பதாம் வகுப்பில் அரைப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

மே 21

கிளப் செயலாளர் குஞ்சிதபாதம் மாமா வந்து அப்பாவோடு வெகுநேரம் பேசினார். ஊரில் கட்சி வேலையும் அவர்தான் பார்க்கிறார், கரை வேட்டி. நில உச்சவரம்புச் சட்டத்தில் அப்பாவுக்கு மிச்சமாக இருப்பதைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமாம். "நஞ்சைன்னாத்தான் கணக்குல வரும். மைதானம்னா வராது. கிளப் பேருக்கு எழுதி வைங்க. கிளப்பு யாரு? நீங்கதானே!" என்றார். அப்பா சிரித்தார். நான் காபி டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

(ஜூலையில் சேர்த்து எழுதியது) அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கிரி அண்ணன் என்ன செய்வார் என்று தோன்றவே இல்லை.

ஜூன் 23

தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் போன வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள்.

காலையில் பக்கிரி அண்ணன் கொல்லைப் பக்கம் வந்து, "ஐயா, போஸ்ட்டைப் புடுங்கிரலாமா?" என்றார். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு, "இந்த வருஷம் வேணாம்" என்றார்.

"வேணாம்னா?"

"அது மைதானமாவே இருக்கட்டும். மடையைத் திறக்காத."

"நாத்தங்கால்ல வெதை விட்டுட்டேங்களே ஐயா."

"வேற எங்கியாச்சும் பாத்துத் தர்றேன். மில்லுல வேலை இருக்கு, வா."

பக்கிரி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மில்லுல நான் என்ன செய்யிறது?" என்று மெதுவாகக் கேட்டார். கேள்வி மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஜூலை 3

இரும்புக் கம்பம் வந்து, சிமெண்ட் போட்டு நட்டுவிட்டார்கள். அந்த ஆறு மாவைச் சுற்றி எல்லா வயலிலும் தண்ணீர் நிற்கிறது. நடுவில் அது மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது.

ஜூலை 9

பக்கிரி அண்ணன் தாசில்தாரிடம் மனுக் கொடுத்துவிட்டார். குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி. பெயர் ஏறிவிட்டால் அவரை யாரும் அந்த வயலில் இருந்து இறக்க முடியாதாம். அப்பா மில்லில் நின்று கத்தினார்: "என் சோத்தைத் தின்னுட்டு எம்மேலயே பெட்டிசனா?" பக்கிரி அண்ணனிடம் ஒரு சீட்டும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சுதான். அப்பா ரசீது கொடுத்ததில்லை, அவர் கேட்டதும் இல்லை.

பூவம்மா அக்கா இன்று வரவில்லை. நாளைக்கும் வரமாட்டாள்.

ஜூலை 24, திங்கள்

எப்படி எழுதுவது.

தாசில்தார் வந்தார். மைதானத்தைப் பார்த்தார். அக்கம்பக்கத்து வயல்காரர்களைக் கேட்டாராம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாருடைய நெல்லும் எங்கள் மில்லில்தானே அரைபடுகிறது. பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பக்கிரி அண்ணன் வாசலில் நின்றார், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

அப்பா, "என் பொண்ணு இருக்கா சார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவளையே கேளுங்க" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நிலைப்படியில் வந்து நின்றேன். பக்கிரி அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என்னைக் கேட்கப் போகிறார்கள் என்றதும் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தார். "சொல்லு பாப்பா" என்றார்.

தாசில்தார் நல்ல மனிதர்தான். மிரட்டவில்லை. "பயப்படாதம்மா. இவரு அந்த இடத்துல உழுததை நீ பாத்திருந்தா சொல்லு. பாக்கலேன்னா உள்ள போகலாம்" என்றார்.

பார்த்திருக்கிறேன். பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பழைய சோறு கொண்டு போயிருக்கிறேன் அந்த வரப்புக்கு. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் செருப்பு, தாசில்தாரின் பூட்ஸ், தரையில் ஒரு எறும்பு. காது கொய்ங் என்றது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. அப்புறம் என் கால் உள்ளே போய்விட்டது. நானா போனேன்? கால்தான் போச்சு. சத்தியமா கால்தான் போச்சு.

அடுப்படியில் இருந்து கேட்டேன். பேனா எழுதுகிற சத்தம்.

ஜூலை 25

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. "ஆமாம்."

ஜூலை 30

அப்பா எனக்குக் கும்பகோணத்தில் இருந்து சேலை வாங்கி வந்தார். பச்சை. தீபாவளிகூட இல்லை. பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

பக்கிரி அண்ணனின் நாற்றங்கால் மில் மாடியிலிருந்து தெரியும். இருபத்தைந்து நாளில் பறித்து நட்டிருக்க வேண்டிய நாற்று. ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முற்றி, இடுப்பில் கணு விட்டு, நுனி மஞ்சளாகி நிற்கிறது. உத்தரவு வரட்டும், தன் பக்கம்தான் வரும் என்று அவர் பறிக்காமல் வைத்திருந்தார். இன்று காலையில் அரிவாளோடு வந்தார். மாட்டுக்குப் புல் அறுப்பது போல எல்லாவற்றையும் அறுத்துக் கட்டிக்கொண்டு போனார். பாதி அறுத்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பூவம்மா அக்கா வந்து அரிவாளை வாங்கி மீதியை அறுத்தாள்.

செப்டம்பர் 28

மனு தள்ளுபடி. அப்பா படித்துக் காட்டினார். "மேற்படி இடத்தில் மனுதாரர் சாகுபடி செய்ததற்கு ஆதாரம் இல்லை."

ஆதாரம் அடுப்படியில் நிற்கிறது.

அக்டோபர் 22

கட்சி இரண்டாக உடைந்துவிட்டதாக எங்கும் ஒரே பேச்சு. டீக்கடையில் அடிதடி. கிளப் கமிட்டியிலும் அதே. குஞ்சிதபாதம் மாமா பக்கம் ஆறு பேர், எதிர்ப்பக்கம் நாலு. அப்பா எதிலும் இல்லை, அவர் இன்னும் கதர்ச் சட்டை. "எனக்குப் பந்து போதும்" என்றார். ஆறு மாவைக் கிளப் பெயருக்கு எழுதிய பத்திரம் பதிவாகிவிட்டது.

பக்கிரி அண்ணன் செங்கல் காளவாய்க்குப் போய்விட்டார், சிதம்பரம் பக்கம். பூவம்மா அக்கா கூலி நடவுக்குப் போகிறாள்.

டிசம்பர் 10

மழை நின்றபாடில்லை. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். கோரை முளைத்துவிட்டது.

1973 பிப்ரவரி 18

ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். சோறு நான் தனியாகத்தான் வடிக்கிறேன். இரண்டு தடவை குழைந்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கூலி ஆட்களை விட்டு மைதானத்தில் உருளை ஓட்டினார்கள். முதல் நாள் ஈரம் அதிகம், உருளையோடு மண் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் விட்டு ஓட்டினால் கல்லாக இருக்கிறது. உழாத மண். அப்பா ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். காதருகே கொண்டுபோகவில்லை. கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 4

வெடிப்பு விட்டுவிட்டது. சில இடத்தில் என் கை உள்ளே போகும். மணல் போட்டு மூடுகிறார்கள்.

மார்ச் 11, ஞாயிறு

நெய்னா முகம்மதுவுக்கு முழங்கால் போய்விட்டது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது கால் வெடிப்பில் மாட்டி உடம்பு மட்டும் திரும்பியதாம். ஆட்டம் பாதியில் நின்றது. டிக்கெட் வாங்கியவர்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எங்கள் கூடத்தில்தான் கிடத்தினார்கள்.

அப்பா அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வலியிலும் சிரித்தார். "தலைவரே, போன வருசம் இதே இடத்துல எத்தனை தரம் விழுந்தேன்? மெத்தை மாதிரி இருந்துது. நெல்லு வெளையிற மண்ணு. இப்ப சிமிட்டித் தரையில வுளுற மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க அதை?"

அப்பா காலுக்கு அடியில் தலையணையை நகர்த்தி வைத்தார். விவசாயி அவர். அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தாரா, இல்லை பயத்தில் மறந்துவிட்டாரா?

நான் ரசம் கொண்டுபோய் வைத்தேன். முதல் முறை அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் பையன். "ஓ, ஆள் இருக்குது" என்றார்.

மார்ச் 14

நெய்னா முகம்மதுவை நாகூருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஆட முடியாதாம்.

ஏப்ரல் 15

கிளப் கமிட்டிக் கூட்டம். கோல்கீப்பர் கால் போனதற்கும் நாற்காலி உடைந்ததற்கும் தலைவர்தான் பொறுப்பு என்றார்களாம். ஆறுக்கு நாலு இல்லை, பத்துக்கு ஒன்று. உடைந்த இரண்டு பக்கமும் இதில் மட்டும் சேர்ந்துகொண்டது. அந்த ஒன்று அப்பாதான். குஞ்சிதபாதம் மாமா இப்போது தலைவர். அப்பாவுக்கு மாலை போட்டு "நிறுவனர்" என்று பட்டம் கொடுத்தார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தார். கழற்ற மறந்துவிட்டார். சாப்பிடும்போது நான்தான் கழற்றினேன்.

"மைதானம் யாருதுப்பா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார், சோற்றைப் பார்த்துக்கொண்டே: "பத்திரத்துல கிளப்புன்னுதான் இருக்கு."

மே 2

ரோட்டோரமாகக் கடை கட்டி வாடகைக்கு விடப் போகிறார்களாம், மைதானத்தின் ஒரு பக்கம். மீதியில் சினிமா டெண்ட். இனி சம்பள ஆட்டக்காரர்கள் கிடையாது.

அப்பா மில்லுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டார். சுற்றிக்கொண்டு போகிறார்.

மே 6

பூவம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். நானாகப் போனேன், யாரிடமும் சொல்லாமல். பத்து மாதமாக மனசில் எழுதி எழுதி வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று. அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முறத்தை நகர்த்தி இடம் விட்டாள். நானும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள்.

தண்டுகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே, "உங்கப்பா உன்னை ஏன் கூப்பிட்டாருன்னு நெனச்சே?" என்று கேட்டாள்.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு."

அவள் தலையை ஆட்டினாள். "நீ வாயைத் திறக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும் பாப்பா. பள்ளிக்கூடத்துல திறக்காதது இங்க திறந்துருமா? எங்க வீட்டு ஆளுதான் அன்னிக்கு மடத்தனமா சிரிச்சுது."

கீரையில் மண் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுவாத. கண்ணு தண்ணி கீரையில வுளுது. போ, வீட்டுக்குப் போ."

வரும் வழியெல்லாம் யோசித்தேன். அப்பா என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாரா? என்னைக் கவனிப்பதே இல்லை என்று நினைத்திருந்தேன். நான் ஏன் பள்ளிக்கூடத்தில் இருந்து நின்றேன் என்பதுகூடத் தெரியும். தெரிந்து, அதை எடுத்து, இதற்குப் போட்டார். மடைக்குப் பலகை போடுவது மாதிரி.

மே 27

அப்பா கிளப் மேல் வழக்குப் போடப் போகிறார். அந்த இடம் என்றைக்கும் வயல்தான், மைதானம் என்பது பேருக்குத்தான் என்று காட்டினால் பத்திரம் நிற்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 10

பக்கிரி அண்ணனைக் காளவாயில் இருந்து வரவழைத்தார் அப்பா. மில் லாரியை அனுப்பி. ஆள் கறுத்து, பாதியாகிவிட்டார். விரல் நகமெல்லாம் செம்மண். அப்பா நாற்காலி போட்டார். பக்கிரி அண்ணன் உட்காரவில்லை.

"கோர்ட்டுல வந்து நீ உழுதேன்னு சொல்லணும் பக்கிரி. நிலம் திரும்பி வந்தா உனக்கே குத்தகை. எழுதியே தர்றேன்."

"ஐயா, நான் சொன்னது பொய்யின்னு உங்க வீட்டுக் கூடத்துல வச்சுதான் எழுதுனாங்க. பொய்க்காரன் சாட்சி உங்களுக்கு எதுக்கு?"

"டேய், கோவத்தை விடுடா..."

"கோவம் எல்லாம் இல்லீங்க. போன வருசம் நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ஆறு மா. இப்ப நான் ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு ஆறு மா. அவ்வளவுதானே." துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "பஸ்ஸுலயே போயிக்கிறேன். லாரி வேணாம்."

போகும்போது என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 21

அப்பாவும் நானும் கும்பகோணம் போனோம். எதற்கு என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

வக்கீல் அப்துல் வஹாப் வயசானவர், மெதுவாகப் பேசுகிறார். "உழுத ஆள் வரமாட்டேங்கிறான். வீட்டு ஆள் யாராவது பாத்தேன்னு சொன்னா எழுதிப் பாக்கலாம்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் என்ன இருந்தது என்று என்னால் எழுத முடியவில்லை. "சொல்லும்மா. பயப்படாம சொல்லு" என்றார்.

தொண்டை அடைத்தது. அதே அடைப்புதான். ஆனால் இந்தத் தடவை கால் நகரவில்லை.

"பக்கிரி அண்ணன் பதினோரு வருஷம் உழுதாங்க" என்றேன். "போன வருஷமும் நாத்து விட்டாங்க. மடையைத் திறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாங்க. தாசில்தார் கேட்டப்ப எனக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லல. அது பக்கிரி அண்ணன் வயல்."

நிறுத்த முடியவில்லை. கம்பம் நட்ட தேதி, நாற்று அறுத்த தேதி எல்லாம் சொன்னேன். வக்கீலின் குமாஸ்தாகூட எழுதுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

வக்கீல் பேனாவை மூடினார். அப்பாவைப் பார்த்து, "இதை எழுதினா நிலம் உங்களுக்கு வராது சார். நீங்க மறைச்சீங்கன்னுதான் ஆகும்" என்றார். பிறகு என்னிடம், கோபம் இல்லாமல், "அப்பவே சொல்லியிருந்தா அந்த ஆளுக்காவது போயிருக்கும். இப்ப யாருக்கும் இல்லம்மா" என்றார்.

தெரியும் என்று தலையாட்டினேன்.

அப்பா எழுந்துகொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை என் முன்னால் நடந்தார். பஸ்ஸில் இடம் இருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியில் எல்லா வாய்க்காலிலும் புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில். எப்போதும் எந்த ஊரில் எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். இன்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து, "எங்கங்க?" என்று கேட்டார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மறுபடியும் கேட்டார். அப்பாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ரெண்டு" என்றேன்.